உள்தெருவுக்கு எந்தச் சிற்றுந்து? வாசற்படியிலிருந்து ஒரு கணக்கு

சென்னையின் பெரிய சாலைகளுக்குத் தாழ்தளப் பேருந்து வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் முதல் தொகுதியாக 58 வண்டிகள் வந்தன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. எல்லாமே 12 மீட்டர் நீளம். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றப் படி ஏறி ஏறிப் பெற்ற வண்டிகள் இவை. நம் சாலைகள் தாழ்தளத்துக்குச் சரிப்படாது என்று அரசுத் தரப்பு உயர் நீதிமன்றத்தில் வாதிட்டது. அதே சாலைகளில் இன்று அவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

இனி கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பெரிய சாலை வரைக்கும் வந்து சேர்வது எப்படி என்பது. நங்கநல்லூரின் உள்தெருவிலோ சூளைமேட்டின் ஒரு சந்திலோ குடியிருப்பவருக்கு நடை, ஷேர் ஆட்டோ, சிற்றுந்து ஆகிய மூன்றே வழிகள். மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2013 அக்டோபரில் சிற்றுந்துகளை விட்டது இந்த இடைவெளியை நிரப்பத்தான். ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும் தடங்கள் இன்று பல பேட்டைகளுக்கு உயிர்நாடி. அந்த முதல் வண்டிகளுக்கு வயது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்வி வரத்தான் போகிறது. டெண்டர் வந்த பிறகு பேசுவதைவிட இப்போதே பேசிவிடுவது நல்லது.

காலை ஏழரை மணிக்கு ஏதாவது ஒரு சிற்றுந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பூக்கூடையோடு நிற்கும் அம்மா முதலில் கூடையைத் தூக்கி உள்ளே வைப்பார். இடது கையால் கம்பியைப் பிடித்து, வலது கையால் சேலையைக் கொஞ்சம் தூக்கி, முதல் படியில் காலை வைத்து ஒரு நொடி நிற்பார். பிறகு உடம்பு முழுவதையும் கையால் இழுத்து மேலே ஏற்றுவார். முழங்கால் தேய்ந்தவருக்கு அந்த ஒரு இழுப்பே பெரும்பாடு. இறங்கும்போது இன்னும் மோசம். பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலைத் தொங்கவிட்டு, விரல் நுனியால் தரையைத் தேடுவார். கண்டக்டர் பொறுமையானவராக இருந்தால் விசில் கொஞ்சம் தாமதமாகும்.

ஆகவே தாழ்தளத்தைச் சக்கர நாற்காலிக்காரர்களுக்குச் செய்யும் தனிச்சலுகையாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. உள்தெரு வண்டியில் ஏறுபவர்களில் பெரும்பாலானோர் மூத்தவர்கள், பை தூக்கியவர்கள், இடுப்பில் குழந்தை வைத்திருப்பவர்கள், பள்ளிக்குப் போகும் சின்னப் பிள்ளைகள். தரை தாழ்ந்தால் முதலில் பிழைப்பவர்கள் இவர்கள்.

நகரப் பேருந்துகளுக்கான மத்திய அரசின் விவரக்குறிப்பில் தரையின் உயரம் மூன்று வகை: 900 மி.மீ., 650 மி.மீ., 400 மி.மீ. வாங்கக்கூடிய வண்டிகளை இந்த மூன்றுக்குள் வைத்துப் பார்க்கலாம்.

இருப்பதையே திரும்ப வாங்குவது

இன்றைய சிற்றுந்து சிறிய லாரியின் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய வண்டி. எஞ்சின் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். அங்கிருந்து பின் அச்சு வரை ஒரு சுழல் தண்டு ஓடுகிறது. அதற்கு மேல் சட்டம், சட்டத்துக்கு மேல் தரை. தரை ஏன் இவ்வளவு உயரம் என்ற கேள்விக்கு விடை அடியில் கிடக்கும் அந்தத் தண்டிலும் சட்டத்திலும் இருக்கிறது. இந்த அமைப்பில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக உடல் கட்டினாலும் தரையைக் கீழே கொண்டுவர முடியாது.

இதற்கு இருக்கும் நன்மைகளையும் சொல்ல வேண்டும். விலை குறைவு. உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்குக்கும் கை பழகிய வண்டி. 1997-இல் தொடங்கிய மினி பஸ் திட்டம் கிராமங்களில் வேர்விட்டதற்கு இந்த எளிமை ஒரு பெரிய காரணம். மண் சாலையில் ஓடும் தனியார் மினி பஸ்ஸுக்கு இன்றைக்கும் இதைத்தான் நான் சொல்வேன். என் மறுப்பு சென்னை உள்தெருவுக்கு மட்டும்.

சக்கர நாற்காலிக்கு லிஃப்ட் பொருத்திவிடலாமே என்பார்கள். அதற்கு முன், சாய்தளம் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். தரை 900 மி.மீ., நடைமேடை 150 மி.மீ. என்றால் வித்தியாசம் 750. எட்டுக்கு ஒன்று என்ற சாய்வில் வைத்தால் பலகை 6 மீட்டர் நீளம் வேண்டும், கிட்டத்தட்ட வண்டியின் நீளம். ஆகவே லிஃப்ட் ஒன்றுதான் வழி. லிஃப்ட் ஒரு முறை இறங்கி ஏறச் சில நிமிடங்கள் பிடிக்கும். குறுகிய தெருவில் பின்னால் நிற்கும் ஆட்டோக்களின் ஹாரனும் உள்ளே இருப்பவர்களின் பார்வையும் அவ்வளவு நேரமும் அந்த ஒருவர் மேலேயே விழும். இரண்டு முறை அப்படி ஏறியவர் மூன்றாம் முறை வீட்டிலேயே இருந்துவிடுவார். ஓட்டாமல் விட்ட லிஃப்ட் துருப்பிடிக்கும், துருப்பிடித்ததும் ‘யாரும் கேட்பதில்லை’ என்று குறிப்பு எழுதப்படும்.

650 என்ற நடுவழி

முன்னால் எஞ்சின் இருந்தும் உள்ளே ஒரே ஒரு படியோடு தரையைத் தட்டையாகக் கொண்டுவர முடியும் என்று அசோக் லேலண்ட் 2013-இல் ‘ஜன் பஸ்’ஸில் காட்டியது. 650 மி.மீ. உயரம். நடந்து ஏறும் எல்லோருக்கும் இது உண்மையான முன்னேற்றம், உள்ளே போன பிறகு தடுக்கி விழ இடமில்லை. ஆனால் நடைமேடையிலிருந்து இன்னும் அரை மீட்டர் மிச்சம் இருக்கிறது. அதற்குச் சாய்தளம் 4 மீட்டர் வேண்டும். பணம் கொடுத்து மாற்றுகிறோம் என்றால் பாதியில் நிற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அசல் சின்ன வண்டி: 7 மீட்டர்

ஜப்பானில் தோக்கியோவுக்கு மேற்கே முசாஷினோ என்ற நகரம் 1995 நவம்பரில் ‘மூபஸ்’ என்ற சிறு பேருந்துச் சேவையைத் தொடங்கியது. பெரிய பஸ் நுழையாத குடியிருப்புத் தெருக்களில், ஏறக்குறைய 200 மீட்டருக்கு ஒரு நிறுத்தம், கட்டணம் 100 யென். வயதானவர்கள் வீட்டை விட்டு வெளியே வர வேண்டும் என்பதே நோக்கம். நாடு முழுவதும் ஊர்கள் இதைப் பின்பற்றின. அந்தத் தேவைக்கென்றே பிறந்த வண்டிகளில் ஒன்று ஹினோ போஞ்சோ. 2006-இல் வந்த மாடலின் அகலம் 2.08 மீட்டர்தான். நீளம் இரண்டு வகை: 6.3 மீட்டர், 7 மீட்டர். எஞ்சினைப் பின்னால் குறுக்காக வைத்துவிட்டதால் தரை தாழ்ந்திருக்கிறது.

துருக்கியின் கர்சான் ஜெஸ்ட் வேறு வழியில் போனது. 6 மீட்டருக்குள் அடங்கும் அந்த வண்டியில் எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன்சக்கரம். சுழல் தண்டே இல்லாததால் பின்னால் தரையை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். பிறகு அதையே மின்சார வண்டியாக்கி, பிஎம்டபிள்யூவின் மோட்டாரையும் பேட்டரியையும் பொருத்தினார்கள்.

இந்த வகையின் பலம் வாசல். ஐரோப்பியச் சிறு தாழ்தள வண்டிகளின் வாசல் 25 முதல் 30 செ.மீ. உயரத்தில் நிற்கும். 27 செ.மீ. வாசல், 15 செ.மீ. நடைமேடை, 1 மீட்டர் பலகை என்றால் சாய்வு 12 சதவீதம். ஐரோப்பியப் பேருந்து விதி அனுமதிக்கும் உச்சமும் இந்த 12 சதவீதம்தான். பெரிய கை உதவி இல்லாமல் ஏறக்கூடிய சாய்வு. நம் 400 மி.மீ. தரை, பக்கம் சாய்ந்து ‘மண்டியிட்ட’ பிறகும் 34 செ.மீ.க்கு அருகில் நிற்கும். அதே 1 மீட்டர் பலகையில் சாய்வு 19 சதவீதம். யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டும்.

பலவீனமும் பெரியது. வண்டி எவ்வளவு சின்னதானாலும், சக்கரத்தை மூடி உள்ளே புடைத்து நிற்கும் சக்கரக் கூடு அதே அளவில் சின்னதாவதில்லை. எஞ்சின் அறையும் அப்படித்தான். 12 மீட்டரில் இவை ஒரு ஓரமாக அடங்கிவிடும். 7 மீட்டரில் இவையே பாதி வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அகலம் 2.08 என்றால் உள்ளே 1.9 மீட்டர் மிஞ்சும். இருக்கைக்கு 45 செ.மீ. வீதம் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று வைத்தால் நடைவழிக்கு 55 செ.மீ. இருபக்கமும் இரண்டு வைத்தால் நடைவழியே இல்லை. சக்கர நாற்காலிக்கு 1.3 மீட்டர் நீளமும் 75 செ.மீ. அகலமும் ஒதுக்கினால் இருக்கைகள் பதினைந்தை ஒட்டியே நிற்கும். காலை எட்டரை மணிக்கு மெட்ரோ நிலையத்துக்குப் போகும் கூட்டத்தை இதில் ஏற்ற முடியாது.

சின்ன வண்டிக்குச் சின்னச் சக்கரம் என்பதையும் மறக்கக் கூடாது. தரை தாழ அது உதவும், குழியில் விழும்போது அதிகம் விழும். குடிநீர் வாரியமும் மின்வாரியமும் மாறி மாறித் தோண்டிய தெருவில் டயரும் அச்சும் என்ன பாடுபடும் என்பதை டிப்போக்காரர்களிடம் கேட்டால் தெரியும்.

9 மீட்டர்

என் சாய்வு இந்தப் பக்கம்தான். காரணத்தை ஒரு வண்டியை வைத்துச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் ஆப்டேர் நிறுவனம் 1997-இல் ‘சோலோ’ என்ற சிறு தாழ்தளப் பேருந்தைக் காட்டியது. 7 மீட்டர் சொச்சத்திலிருந்து 10 மீட்டர் வரை பல நீளங்களில் வந்தது. சாதாரணத்தைவிட ஒடுங்கிய அகலத்திலும் கொடுத்தார்கள். அதில் வடிவமைப்பாளர் செய்த ஒரு காரியம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. வழக்கமாகப் பேருந்தின் முன்வாசல் முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும். ஏறியவுடன் இரண்டு பக்கமும் சக்கரக் கூடு நெருக்கும். சோலோவில் முன்சக்கரங்களை வண்டியின் மூக்கு வரை தள்ளிவிட்டு, வாசலைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார். ஏறியதும் காலடியில் தட்டையான அகன்ற தரை, கூட்டின் நெருக்கடியே இல்லை. நாற்காலியைத் திருப்ப இடம் தானாகவே கிடைத்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சக்கரங்களுக்கு இடையிலான தூரம் கூடும். கூடினால் திருப்பத்தில் பின்சக்கரம் உள்பக்கம் அதிகமாக வெட்டும், மாட வீதி முனையில் நிற்கும் இளநீர் வண்டிக்கு அது ஆபத்து. மறுபக்கம், மூக்கு சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்காததால் திரும்பும்போது எதிர்ப்புறம் வீசாது, ஓரத்தில் நிறுத்திய பைக்குகள் தப்பிக்கும். நம் தெருக்களில் எது முக்கியம் என்பதைக் காகிதத்தில் தீர்க்க முடியாது, ஓட்டிப் பார்த்தே தீர்க்க வேண்டும்.

சோலோவுக்கும் சென்னைக்கும் நேரடி உறவும் இருக்கிறது. ஆப்டேரில் 2010-இல் பங்கு வாங்கி, பிறகு அதைத் தன் வசமாக்கியது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்ட். அந்த ஆப்டேர்தான் 2020-இல் ஸ்விட்ச் மொபிலிட்டி என்று பெயர் மாறியது. சிறிய தாழ்தளப் பேருந்து கட்டும் அறிவு நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை, இந்த ஊர் நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் அளவுக்குப் பெரிய கொள்முதல் வர வேண்டும், அவ்வளவுதான்.

9 மீட்டரில் முன்வாசலிலிருந்து நடுவாசல் வரை தரையைத் தாழ்வாகவும் தட்டையாகவும் வைத்து, பின்பக்கம் எஞ்சினுக்கு மேல் இரண்டு படி ஏறி உட்காரும்படி அமைக்கலாம். நாற்காலிக்கான இடத்தைக் கொடுத்த பிறகும் இருபதுக்கு மேல் இருக்கை தேறும், நிற்கவும் இடம் இருக்கும். டிரைவரும் கண்டக்டரும் 7 மீட்டர் வண்டிக்கும் இரண்டு பேர், 12 மீட்டருக்கும் இரண்டு பேர். வண்டி சிறுக்கச் சிறுக்க ஒரு பயணிக்கு ஆகும் சம்பளச் செலவு ஏறும். மும்பையில் சிறிய ஏ.சி. வண்டிகளைக் குத்தகைக்கு ஓட்டிய ஒப்பந்ததாரர்கள் கட்டுப்படியாகவில்லை என்று ஒவ்வொருவராக விலகியதை நாம் பார்த்தோம். ஜப்பானில் கண்டக்டர் இல்லை, டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் பயணியே காசைப் போட்டுவிடுகிறார். இங்கே கண்டக்டரை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தாழ்தள வண்டிக்கு அவர் பெரிய வரம். வாசலில் படிந்து கிடக்கும் பலகையின் பிடியைத் தூக்கி, வெளியே கவிழ்த்து, நாற்காலி ஏறியதும் மடக்கிவிட ஒரு நிமிடம்கூட ஆகாது. மோட்டார் இல்லை, சென்சார் இல்லை, பழுதாகவும் வழியில்லை. இரண்டு பேர் இருக்கும் வண்டியில் கைப்பலகைதான் சரி.

9 மீட்டர் உள்தெருவில் திரும்புமா என்ற கேள்விக்கு, நீளத்தைவிட அகலம்தான் தொல்லை என்பேன். ஐந்தரை மீட்டர் தெருவில் ஒரு பக்கம் கார் நின்றால் மிச்சம் 3.7 மீட்டர். அதில் 2.5 மீட்டர் வண்டி போனால் எதிரே ஆட்டோ வர முடியாது. 2.3 மீட்டராக இருந்தால் டூவீலர் ஒதுங்கிக்கொள்ளும். டெண்டரில் நீளத்தை மட்டும் எழுதி அகலத்தை விட்டுவிட்டால் நமக்குக் கிடைப்பது பெரிய பஸ்ஸைக் குட்டையாக வெட்டிய வண்டியாகத்தான் இருக்கும்.

வேகத்தடையும் மழைத் தண்ணீரும்

தாழ்தளம் என்றதும் எல்லோரும் சொல்வது இந்த இரண்டையும்தான். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். தாழ்தள வண்டியின் அடிவயிறு அதைத் தாண்டிவிடும். வயிறு உரசுவது விதிப்படி போடாத, ஒரே இரவில் தெருக்காரர்கள் கொட்டிய தார்க் குவியலில். அதைச் சரிசெய்ய வேண்டியது மாநகராட்சி. பேருந்துத் தடத்தில் அளவு மீறிய வேகத்தடைகளை முதலில் செதுக்கிவிட்டுப் பிறகு வண்டியை விட வேண்டும்.

சிறிய வண்டிக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. சிறுபாலத்தின் மேல் சாலை திடீரென்று உயர்ந்து இறங்கும் இடத்தில், வயிற்றுக்கு வேண்டிய இடைவெளி சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கமாகக் கூடும். அந்தத் தூரம் 6 மீட்டராக இருக்கும் வண்டிக்கு 4 மீட்டர் வண்டியைவிட இரண்டே கால் மடங்கு இடைவெளி வேண்டும். பெரிய தாழ்தளப் பேருந்து ஓடும் ஊரில் சிறியது ஓடாது என்று சொல்ல இந்த வகையில் நியாயமே இல்லை.

தண்ணீர் நிஜமான சிக்கல். முழங்கால் தண்ணீரில் தாழ்தள வண்டிக்குள் வெள்ளம் வந்துவிடும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அளவு தண்ணீர் நிற்கும் நாட்களில் உயர்தளச் சிற்றுந்தையும் பத்திரமாக ஓட்ட முடியாது, எங்கே மூடாத மேன்ஹோல் என்று யாருக்குத் தெரியும்? வருடத்தில் சில நாட்களுக்காக மற்ற எல்லா நாட்களிலும் பாட்டியைப் படி ஏறச் சொல்வது எந்தக் கணக்கிலும் சேராது. மின்சார வண்டியானால் பேட்டரியைக் கூரையிலும் பின்பக்கமும் வைக்கலாம், கியர்பாக்ஸும் நீண்ட சுழல் தண்டும் தேவைப்படாத அமைப்பைத் தேர்ந்தால் தரையைத் தாழ்த்துவதும் எளிது. உள்தெரு வேகம் மணிக்கு 12 கி.மீ. என்று வைத்தால் 12 மணி நேரத்துக்கு 144 கி.மீ. மதியம் ஒரு முறை சார்ஜ் போட வசதி இருந்தால் மிதமான பேட்டரியே போதும். பெரிய பேட்டரி ஏற்றினால் அந்த எடைக்கு ஈடாகப் பயணிகளை இறக்க வேண்டிவரும்.

என்ன வாங்குவேன்?

முடிவு என் கையில் இருந்தால், உயர்தளச் சிற்றுந்து வாங்குவதைச் சென்னைக்குள் இன்றோடு நிறுத்துவேன். கொள்முதலில் பெரும்பங்கு 9 மீட்டர் மின்சாரத் தாழ்தளம், அகலம் 2.3 மீட்டரைத் தாண்டக் கூடாது. மண்டியிட்ட நிலையில் வாசல் உயரம் 28 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, பலகை 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. 9 மீட்டர் எந்த வகையிலும் நுழையாத தடங்களுக்கு மட்டும் 7 மீட்டர் வண்டிகள் சிறு எண்ணிக்கையில். அந்தத் தடங்களில் கூட்டத்தைச் சமாளிக்க வண்டியின் அளவை நம்பாமல் பத்து நிமிடத்துக்கு ஒன்று விட வேண்டும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் மாதிரி வண்டியை அக்டோபர், நவம்பரில் கொண்டுவரச் சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணி, மேற்கு மாம்பலம், வியாசர்பாடி என்று மூன்று விதமான தெருக்களில், முழுப் பாரத்துக்கு மணல் மூட்டை ஏற்றி ஓட்டட்டும். ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் அந்தத் தடத்தின் டிரைவராகவே இருக்கட்டும். சக்கர நாற்காலிக்காரர்கள், பார்வையற்றவர்கள், மூட்டுவலிக்காரர்கள் ஏறி இறங்கி மதிப்பெண் போடட்டும், அந்த மதிப்பெண்ணுக்கு விலைப்புள்ளியில் இடம் இருக்கட்டும்.

நிறுத்தத்தையும் அதே கோப்பில் சேர்க்க வேண்டும். நடைமேடையின் உயரம் 15 செ.மீ.யைத் தாண்டக் கூடாது என்பது ஏற்கெனவே இருக்கும் விதி. பேருந்து நிறுத்தங்களில் அந்த 15 செ.மீ. குறையவும் கூடாது, உடையவும் கூடாது, அதன் முன்னால் பைக் நிற்கவும் கூடாது. வண்டி ஓரம் ஒட்டி நிற்க முடியாமல் நடுத்தெருவில் நின்றால், 28 செ.மீ. வாசலிலிருந்து 1 மீட்டர் பலகை நேராகத் தார்ச்சாலையில் இறங்கும், சாய்வு 28 சதவீதமாகிவிடும். போக்குவரத்துக் கழகம் வண்டி வாங்கும் தேதிக்குள் மாநகராட்சி அந்தந்தத் தடத்தின் நிறுத்தங்களைக் கட்டி முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். இரண்டு துறைகளையும் உட்காரவைத்துப் பேச ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம்.